காரணம் என்ற கட்டம்

புளியங்கிளையில் கொக்கி மாட்டித்
தொங்குகிறது தராசு.
துணித்தொட்டியில் உட்கார வைத்ததும்
முதலில் அழுவார்கள்,
அப்புறம் ஆடுகிற சுகத்தில் அடங்குவார்கள்,
அப்புறம் ஒன்றுக்கு இருப்பார்கள்.
அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான்
எழுதிக்கொள்கிறேன் எடையை.
இருபது கிராம் அரசாங்கத்துக்கு லாபம்.

பென்னாகரம் ரோட்டில் இறங்கி
கேழ்வரகுக் கொல்லை ஓரமாக ஒரு மைல் நடந்தால்
எங்கள் அங்கன்வாடி.
பதினெட்டுப் பிள்ளைகள். வாரம் மூன்று முட்டை.
ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் அது,
வராத நாளில் போர்த் தண்ணீர்.
போர்த் தண்ணீரில் வளர்ந்த என் பல்லைப் பார்த்து
நாலு வயசு நிர்மலா கேட்டாள்:
"டீச்சர், உங்க பல்லுல யாரு டீ ஊத்துனது?"

அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு.
பிள்ளை என்பது ஒரு புள்ளி.
மாதாமாதம் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு.
கோடு ஏறணும், அவ்வளவுதான் என் உத்தியோகம்.
ஐந்து வயசோடு அட்டை முடிந்துபோகும்.
அதற்கப்புறம் ஏறினானா இறங்கினானா என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.

மாதேசன் கோடு
தை மாதத்திலிருந்து படுத்துக் கிடந்தது.
மாவு தின்றான், முட்டை தின்றான்.
களியைக் கீரைக்குழம்பில் தோய்த்து
சின்னம்மா ஊட்டியதையும் தின்றான்.
டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டுப்
பூச்சி மாத்திரை கொடுத்தார்.
ஒன்பது எண்ணூறு.
ஒன்பது எண்ணூறு.
ஒன்பது எழுநூறு.

அவன் அம்மா தீர்த்தம்மா
பெங்களூரில் கலவை சுமக்கிறாள்.
பதினோராவது மாடி எழும்புகிறதாம்.
சித்திரையில் மாரியம்மன் பண்டிகைக்கு வந்தாள்,
பன்னிரண்டு நாள்.
இடுப்பை விட்டு இறங்கவில்லை அவன்.
அவள் குளிக்கப் போனால்
தட்டிக்கு வெளியே
அவள் செருப்பின் மேல் உட்கார்ந்திருந்தான்.
செருப்பு இல்லாமல் ஆள் பஸ் ஏற முடியாது என்பதை
இரண்டு வயசில்
எப்படிக் கண்டுபிடித்தானோ.

மாதக் கடைசியில் தூக்கி மாட்டினேன்.
பத்து இருநூறு.
முள்ளைத் தட்டிப் பார்த்தேன்.
பத்து இருநூறுதான்.
அரைக் கிலோ கூடினால் காரணம் எழுதணும்.
கட்டத்தில் எழுதினேன்:
"அம்மா வந்தது."

சூப்பர்வைசர் சிவப்புப் பேனாவால் அடித்து
"இணை உணவு" என்று திருத்தினார்.
மோசமானவர் இல்லை.
அவர் மகன் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான்.
கையெழுத்துப் போட்டு மூடும்போது சொன்னார்,
"போன்லயே தெரியுதும்மா, முகம் வத்திப் போச்சு."
அதை எழுத அவரிடமும் கட்டம் இல்லை.

என் வீட்டில் மாமனார் இருக்கிறார்.
அதே தண்ணீர் அவர் எலும்புக்குள் இறங்கி
முதுகை வளைத்து உட்கார வைத்துவிட்டது.
நிற்க முடியாதவருக்கு எடை ஏது.
கட்டில் மாற்றும்போது என் கைதான் தராசு,
மாதம் மாதம் லேசாகிக்கொண்டு வருகிறார்.
ஆனால் எதிர்வீட்டுப் பச்சியப்பன்
சீட்டுக்கட்டோடு வந்து
நாலு ஆட்டம் தோற்றுவிட்டுப் போகிற அன்று
இரண்டாவது உருண்டை கேட்பார்.
பச்சியப்பன் வேண்டுமென்றே தோற்பது
எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

இப்போது ஆடி. கோடு மறுபடி சரிகிறது.
ராத்திரி ஒன்பதரைக்குத் தீர்த்தம்மா போன்.
பின்னால் கலவை மெஷின் சுற்றுகிற சத்தம்.
"எவ்வளவுங்க டீச்சர்?"
நோட்டில் ஒன்பது தொள்ளாயிரம்.
"பத்தே கால்," என்றேன்.
கொஞ்ச நேரம் மெஷின் மட்டும் பேசியது.
"நீ சாப்பிட்டியா?"
"ஆச்சுங்க டீச்சர். கறிக்குழம்பு."

அன்றைக்கு ஆடி வெள்ளி.