தலைக்கொழுந்து

அக்டோபர். வோரு மாவட்டம், தெற்குச் சரிவு.
என் இடுப்பில் கட்டிய பையில்
ரைவோ கத்தரித்த செம்மறிகளின் வயிற்று மயிர்,
எந்தச் சந்தையிலும் விலைபோகாதது.
ஒரு ஸ்புரூஸ் கன்றுக்கு ஒரு சிட்டிகை.
உச்சி மொட்டைச் சுற்றித் திருகினால் போதும்.
மூஸ் மானின் நாக்கில் மயிர் ஒட்டும்,
துப்பிவிட்டுப் போய்விடும்.
நூறு கன்றுக்கு ஏழு யூரோ,
பிசின் கழுவுகிற எண்ணெய் என் செலவு.

பக்கக் கிளைகளைத் தின்றால் தின்னட்டும்.
உயரம் நடப்பதெல்லாம்
அரிசி மணியிலும் சிறிய ஓர் இடத்தில்.
அதற்குக் கீழே ஒரு முழம்
மே மாதத்தில் ரப்பராய் இழுபடும்,
ஜூலையில் இறுகும்,
அப்புறம் எந்நாளும் அசையாது.
அடுத்த வருஷத்தின் ஊசிகள் அத்தனையும்
இப்போதே எண்ணி மடித்து
இந்த மொட்டுக்குள் இருக்கின்றன.
மழை இல்லாத கோடையா?
இரண்டு கணுக்களுக்கு நடுவே
என் சுண்டுவிரல் நீளம் கூட இல்லை, பாருங்கள்.

இதெல்லாம் தெரியாத வயதில்
கல்யு போனான்.
எல்லையோர மரத்தில், தன் கண் உயரத்தில்,
எனாமல் குவளை மாட்ட அவன் அடித்த ஆணியை
நான் பிடுங்கவில்லை.
மரத்தோடு ஏறிவிடும்,
நாலைந்து வருஷத்தில் அண்ணாந்தாலும் தெரியாது
என்று விட்டுவிட்டேன்.
இருபத்திரண்டு வருஷம்.
மரம் தந்திக் கம்பத்தைத் தாண்டிவிட்டது.
ஆணி அவன் கண் உயரத்திலேயே இருக்கிறது.
பட்டை பருத்து அதன் தலையை
முக்கால் விழுங்கியதைத் தவிர
ஒன்றும் நடக்கவில்லை.

நாலாம் வரிசையில் ஒரு கன்று.
போன வருஷம் எனக்குக் காய்ச்சல்; அதற்கு மட்டும் மயிர் இல்லை.
மான் கடித்த இடத்தில் இப்போது
காய்ந்த ஒரு குச்சி.
அதன் கீழ்க் கணுவிலிருந்து
படுத்திருந்த இரண்டு கிளைகள்
மெல்ல முழங்கை மடக்கி எழுந்து நிற்கின்றன.
ஜூனில் கிழக்குக் கிளை முந்தியது.
ஆகஸ்டில் பார்த்தால் மேற்கும் தோளுக்குத் தோள்.

ஒன்றை வெட்ட வேண்டும் என்பது விதி.
கவைத்த மரத்தை ஆலை வாங்காது.
கத்தரிக்கோல் சட்டைப்பையில்,
எடுத்தேன், திறந்தேன்,
துருப்பிடித்த அதன் கீலில் கொஞ்ச நேரம்
பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு உச்சிக்கும் மயிர் சுற்றினேன்.
கணக்குத் தாளில்
ஒரு மரம் என்றுதான் எழுதினேன்.