மணம்

பதினொரு கிலோ வெங்காயம்.
ஆடி ஓய்ந்து விடியலில் அமர்கிறவர்களுக்குச்
சூடாக ஒரு கிண்ணம் சூப் தருவது
எங்கள் பக்கத்துக் கலியாண வழக்கம்.
அது மாப்பிள்ளையின் தாய் பொறுப்பு என்று
ஏப்ரலிலேயே ஒத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மாலை கோரந்தான் வந்தான்.
கோட்டைக் கழற்றவில்லை.
"அம்மா, நடக்காது."
ஏன் என்றேன்.
கார்ச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான்.

கூடத்துக்குச் சொல்லியாயிற்று.
அக்கார்டியன்காரருக்குச் சொல்லியாயிற்று.
மேயர் அலுவலகத்தில்
இரண்டு பெயர்களின் மேல் ஒரு கோடு.
வெங்காயத்துக்கு யார் சொல்வது?

சனி இரவு.
சோன் ஆற்றுப் பனி ஒசோன் நகரை விழுங்கியிருந்தது.
அழைத்த அறுபது பேரில்
வந்து சேர்ந்தது அந்த மூட்டை மட்டும்தான்.
தூக்கம் வரவில்லை. கத்தியை எடுத்தேன்.

உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்று
வெங்காயத்தைப் பழிக்கிறவர்
ஒருநாளும் அதை வதக்கிப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டாகப் பிளந்து பிறைபிறையாக.
இரும்புப் பானை போதாமல்
ஜாம் காய்ச்சும் செப்பு அண்டாவையும் இறக்கினேன்.
வெண்ணெய். அது கருகாதிருக்க ஒரு கரண்டி எண்ணெய்.
உப்பு.
முதலில் விளிம்பு தாண்டி முறைத்தது.
பிறகு வியர்த்தது.
பிறகு, யாரும் பார்க்காத ஒரு கணத்தில்,
அடங்கிப் பானையின் பாதிக்கு வந்தது.

பத்தே நிமிடத்தில் பொன்னிறம் என்று
சமையல் புத்தகம் பொய் சொல்கிறது.
இரண்டு மணி நேரம்.
தீயைக் கூட்டினால் கருகும், கசக்கும்.
என் மகன் தீயைக் கூட்டுகிறவன்.
மார்ச்சில் சந்தித்தான், ஏப்ரலில் மோதிரம், அக்டோபரில் இது.

அழுதாயா என்று கேட்காதீர்கள்.
பதினொரு கிலோ நறுக்கியவளிடம்
அந்தக் கேள்வி செல்லாது.

அடிப்பிடித்த பழுப்பின் மேல்
வெள்ளை வைன் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினேன்.
திட்டிக்கொண்டே தேய்த்துக் கழுவுகிறோமே,
அதில்தான் இருக்கிறது அத்தனை ருசியும்.
ஒரு பிடி மாவு. மாட்டெலும்புச் சாறு.
பிரிஞ்சி இலை, தைம்.

ஒரு மணம் நின்றுபோன வீட்டில்
இன்னொரு மணம் நிற்கவில்லை.
கதவடியில் நுழைந்து தெருவில் இறங்கிப்
பாலம் வரை போயிருக்க வேண்டும்.

நாலேகால் மணிக்குக் கதவு தட்டப்பட்டது.
கபுசின்.
கோட்டுக்குள் இரவுடை,
காலில் தோட்டத்து ரப்பர் பூட்ஸ்.
பச்சைக் குழந்தை எடையில்
மார்போடு அணைத்த ஒரு துண்டு கொம்தே.
"சீஸ் என் பொறுப்பு," என்றாள்.
"நீங்கள்தான் சொன்னீர்கள், ஏப்ரலில்."

மருமகளே என்று அழைக்க
ஆறு மாதம் ஒத்திகை பார்த்த நாக்கு
"துருவி அந்த இழுப்பறையில் இருக்கிறது" என்றது.

துருவினாள், விரல் முட்டியையும் சேர்த்து.
ரத்தத்தைச் சப்பிவிட்டு மறுபடி துருவினாள்.
நான் ரொட்டியை அறுத்தேன்.
முந்தாநாள் பகெத், கல்லாய்க் காய்ந்தது.
புதுசு கரைந்துபோகும்,
காய்ந்ததுதான் சூப்பில் நின்று தாங்கும்.

அடுப்புக் கண்ணாடி முன் இருவரும் குந்தினோம்.
உள்ளே சீஸ் முனகி, கொப்பளித்து,
அங்கங்கே பழுப்புத் திட்டாய்ப் பூத்தது.
அவள் முகத்தில் ஆரஞ்சு வெளிச்சம்.
நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

முதல் வாயில் அவளுக்கு நாக்கு வெந்தது.
கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் இடையில்
ஒரு சீஸ் இழை,
இழுக்க இழுக்க அறாமல்,
மேசையைத் தாண்டியும் நீண்டு வர,
மூக்கு ஒழுகச் சிரித்தாள்.
கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டினேன்.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.
பிறகு மேல்படி.
பிறகு அதற்கடுத்த படி.

மூன்றாவது கிண்ணத்தின் மேல் கை வைத்தபடி
எடுப்பதா விடுவதா என்று நான் நிற்க,
நிமிர்ந்து பார்க்காமலே
துருவியைத் தன் பக்கம் இழுத்தாள் கபுசின்,
இம்முறை விரலை மடக்கிக்கொண்டு.