எஸ்டிகே காணவில்லை

மல்லாவிச் சந்தியில்
ரயர்க் கடைக்கு மேலே என் அறை.
கடைசி பஸ் போனபின்
டெர்மினலைத் திறந்து
பில்ட் என்று அடித்தேன்.
நாற்பது செக்கன் யோசித்தது.
பிறகு சிவப்பில் ஒரு வரி:
எஸ்டிகே காணவில்லை.

காணவில்லை.
எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை
இவ்வளவு இலேசாக யாரும் சொல்வதில்லை.
மெசின் சொல்லும். அதற்கென்ன,
சொல்லிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்.

விடிய ஐந்தரைக்கு
வவுனிக்குளத்துத் துருசடிக்குத் தோணிகள் வந்துவிடும்.
சங்கத்துத் தராசடியில் ஞானசீலி அக்கா
டெப்லெட்டோடு நிற்பா.
கொப்பியில் எழுதினால் மழைக்கு மை கரைகிறது,
மையோடு கிலோ கரைகிறது,
பிறகு காசுக்குச் சண்டை.
"நாளைக்குக் கட்டாயம்" என்று
வாயைக் கொடுத்தது நான்தான்.

எஸ்டிகே இருக்கிறது. எனக்குத் தெரியும்.
போன மாசம் கிளிநொச்சியில்
சிநேகிதியின் கந்தோர் வைஃபையில் இறக்கி
லப்டொப்பை மடியில் வைத்தபடி பஸ்ஸில் கொண்டுவந்தது.
கோப்புறையைத் திறந்து பார்த்தேன்.
அங்கேதான் கிடக்கிறது, அசையாமல்.
கண்ணுக்கு முன்னால் இருப்பதை
இல்லை என்று சாதிக்கிறதோடு
என்னத்தைக் கதைப்பது?

மறுபடி அடித்தேன். அதே வரி.
கோபமாய் அடித்தேன். அதே வரி.
மெசினை அணைத்து ஏற்றினேன், பிளேன்ரீ ஊற்றினேன்,
சூழல் மாறியில் பாதையை எழுதிவிட்டு
எங்கே சொல்லு பார்ப்போம் என்று கேட்டேன்.
கேட்டால் சரியாய்ச் சொல்கிறது.
பில்ட் என்றால் மட்டும்
அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குத்தான்
பிழைச் செய்தியை முழுதாய் வாசித்தேன்.
(முதல் வரியோடு நிற்பது என் பழக்கம்.
கடிதங்களும் அப்படித்தான்.)
மூன்றாம் வரியில் அது தேடிய இடம் இருந்தது:
ஹோம், சாய்கோடு, குகதர்சன், சாய்கோடு, அண்ட்ரொய்ட்.

குகதர்சன்!
இந்தச் செயலியை என்னோடு தொடங்கி
பாதியில் ஒஸ்லோவுக்குப் போனவன்.
நேற்று அவன் அனுப்பிய திருத்தத்தோடு
ஒரு சின்னக் கோப்பும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.
அதற்குள் அவன் கணினியின் விலாசம்.
நான் எங்கே எழுதினாலும்
அந்தக் கோப்பின் சொல்தான் முதலில் எடுபடுமாம்.
நேற்றிலிருந்து என் மெசின்
தனக்குள்ளே சுற்றிச் சுற்றி
அவன் வீட்டைத் தேடியிருக்கிறது.

அவன் வரியை அழித்தேன்.
என் பாதையை எழுதினேன்,
பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பார்த்து.
பில்ட்.
வேறு பிழை வந்தது.
சந்தோசம் என்றால் அதுதான்,
வேறு பிழை.

முப்பத்துநான்காம் பதிப்பு வேண்டுமாம்.
இறக்க அறுபது எம்பி. டேட்டாவில் மீதி எழுபத்திரண்டு.
போனை ரவர் பக்கத்து யன்னலில் வைத்துவிட்டு
தொடாமல் இருந்தேன்.
நாற்பத்தெட்டில் கரண்ட் போனது.
பற்றரி முப்பத்தொரு வீதம்.
இருட்டில் லைசன்ஸ்களை நீட்டியது.
ஏழு தரம் ஓம் என்றேன்,
ஒன்றும் வாசிக்கவில்லை.

இரண்டு நாற்பதுக்குப் பச்சையில் ஒரு வரி.
சத்தம்போட்டுச் சொல்ல ஆளில்லை.
கீழே கடை நாய் ஒருதரம் குரைத்தது,
அது வேறு எதற்கோ.

படுக்கமுன் அந்தக் கோப்பின் பெயரைப்
புறக்கணிக்கும் பட்டியலில் சேர்த்தேன்.
அவரவர் வீடு எங்கே என்பது
அவரவர் மெசினுக்குள் இருக்கட்டும்.
"உன்ர விலாசம் என்னட்ட வந்து கிடந்தது"
என்று குகதர்சனுக்கு எழுதினேன்.
முழித்திருந்தான்.
"சொறி. அந்த லப்டொப் நேற்றிரவே செத்துப்போச்சு."
அப்படியென்றால் அந்தப் பாதை
இப்போது எங்கேயும் இல்லை.

துருசடியில் தூறல்.
ஞானசீலி அக்கா
திரையைச் சட்டைக் கையால் துடைத்து
ஒவ்வொரு விரலாய் அழுத்தினா:
திலாப்பியா, பதினொரு கிலோ நானூறு.
பதிந்தது.
இன்னொரு கூடை தராசில் ஏறியது.
மேலே தள்ளிப் பார்த்தா, கீழே தள்ளிப் பார்த்தா,
பிறகு என்னைப் பார்த்தா.
"பிள்ளை, இதுக்க விராலைக் காணேல்ல."