பதினொன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே

வியாழக்கிழமை என்றால் கிரிம்ஸ்பியில் மழை.
மூன்று நங்கூரம் பப்பின் பின்னறையில்
ஈரக் கோட்டின் மேல் ஈரக் கோட்டு.

எனக்குக் கை நடுங்கும்.
நான் எறிந்த அம்பு சுவரில் நிற்கும்.
ஒருமுறை, நெவில் அப்போதுதான் பிரித்த
சிப்ஸ் பொட்டலத்தில் நின்றது.
அன்றிலிருந்து சாக்பீஸ் என் கையில்.
கழித்தல் நடுங்காது.

முதலில் ஐந்நூற்று ஒன்று.
நிறைய வைத்துக்கொண்டு தொடங்கி
ஒன்றுமில்லாமல் போக
முட்டிமோதும் ஆட்டம்.
மீன் சந்தையில் முப்பது வருடம் ஐஸ் உடைத்த தர்ஸ்டன்
இருபதைக் குறிவைப்பார்;
ஐந்தும் ஒன்றும் துணைக்கு வந்துவிடும்.
"படுக்கையும் காலை உணவும்!"
இருபத்தாறுக்கு அறையே கத்தும்.
ஏதோ காலத்து விடுதி வாடகையாம்,
இரண்டு ஷில்லிங், ஆறு பென்னி.
தர்ஸ்டன் அம்பின் இறகைக் கழற்றி
ஊதிப் பார்ப்பார், முறைப்பார்.
எய்தவர் இருக்க அதை ஏன் நோக வேண்டும்?
சொல்லவில்லை. கழித்தேன்.

காஷா இரட்டை ஒன்றில் மாட்டிக்கொண்டாள்.
பைத்தியக்கார வீடு என்பார்கள் அதை.
போனவர் சுலபத்தில் வருவதில்லை.
ஒன்பது அம்பு. நடுவில் போலிஷ் மொழியில்
யாருடைய அம்மாவையோ பற்றி ஏதோ.
பத்தாவது கம்பியில் பட்டுத் தெறித்து
டெனிஸின் பியருக்குள் விழுந்தது.
டெனிஸ் நிதானமாகக் குடித்து முடித்தபின்
எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம் கில்லர்.
பழகாத கையால் எறிந்து ஆளுக்கு ஓர் எண்,
ஆளுக்கு மூன்று உயிர்.
தன் எண்ணின் இரட்டையைத் தொட்டவர் கொலையாளி,
அதன்பின் அடுத்தவர் இரட்டையில் அடிக்கலாம்.
கை தவறித் தன்னுடையதில் பட்டாலோ
போவது தன் உயிர்.

லயனலுக்குப் பதினொன்று விழுந்தது.
மொய்ராவுக்குப் பதினான்கு.
பலகையில் இரண்டும் அடுத்தடுத்த வீடு.
யாரோ இருமினார்கள்.

விவாகரத்தில் வீடு அவளுக்கு,
கேரவன் அவனுக்கு, நாய் அவள் தங்கைக்கு.
வியாழக்கிழமையை மட்டும்
இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
மூன்று வருடமாக என் வழியாகத்தான் பேச்சு:
"கோட்டை மிதிக்கிறான் என்று சொல்."
"மிதிக்கவில்லை என்று சொல்."

நெவில் செத்தார். டெனிஸ் செத்தாள்.
தர்ஸ்டன் தன்னைத் தானே இரண்டு முறை கொன்றார்,
மூன்றாவதைக் காஷா பார்த்துக்கொண்டாள்,
காஷாவை லயனல்.
பலகையோரம் இரண்டு பெயர்கள்,
பெயருக்கு ஒரு கோடு.
சூதாட்ட எந்திரம் மட்டும் மூலையில்
தனக்குத் தானே மின்னிக்கொண்டிருந்தது.

மொய்ராவின் முறை.
முதல் அம்பு வெளியே. இரண்டாவது வெளியே.
மூன்றாவதுக்கு முன் கண்ணாடியைத் துடைத்தாள்,
லயனல் அவளுக்கு வாங்கித்தந்த அந்தப் பச்சைச் சட்டம்
(இது ஊருக்கே தெரியும்).
எறிந்தாள்.

எங்கே என்று சொல்வது கணக்கெழுதுபவன் வேலை.
அருகே போனேன். கம்பியின் மேலேயே நின்றது.
பதினொன்றென்றால் பதினொன்று,
பதினான்கென்றால் பதினான்கு.
இருவரும் வந்தார்கள், இரண்டு பக்கமும்.
மூக்கு பலகையைத் தொடும் தூரத்தில்
இரண்டு நரைத்த தலைகள்.

"உன்னுடையது," என்றான் லயனல்.
என்னிடமில்லை.
"உன்னுடையதுதான், குருடா," என்றாள்.
அவளும் என்னிடமில்லை.

அம்பு மெல்லத் தலை சாய்ந்து
அவன் ஷூவின் மேல் விழுந்தது.
விழுந்தது கணக்கில் இல்லை.
குனிந்து எடுத்தான்,
கொடுக்காமல் வைத்திருந்தான்.
கடைசி ஆர்டருக்கு மணி அடித்தது.

பலகையை நான் துடைக்கவில்லை.
எனக்குப் பஸ் பத்து ஐம்பதுக்கு.