ஒற்றையா இரட்டையா

மார்ச் மாதம். டௌகாவா ஆற்றில் பனிப்பாளம்
இன்னும் உடையவில்லை.
சந்தையில் ஏழு டூலிப் வாங்கினேன்,
எனக்கு நானே.
ரீகாவில் உயிரோடிருப்பவர்க்கு ஒற்றைப்படை,
இரட்டைப்படை கல்லறைக்கு.
பூக்காரி ஒன்றும் கேட்காமலே ஏழாக எடுத்தாள்.
என் முகத்தில் துக்கம் தெரியவில்லை போலும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை.
நாள் முழுக்க எண்ணுகிறவள்.
கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், ஆகவே கத்திதான்;
சாய்வாக, ஒரு விரல்கடை.
தண்ணீரில் முங்கும் இலைகளை உரித்துவிட வேண்டும்,
இல்லாவிட்டால் மூன்றாம் நாள் ஜாடி
குட்டைபோல நாறும்.
குளிர்ந்த நீர், நாலு விரல் போதும்.
டூலிப்புக்குத் தாகம் அதிகம்,
நீச்சல் தெரியாது.

ஆப்பிள் கூடையை அலமாரிக்கு மாற்றினேன்.
பழுக்கிற பழத்தின் மூச்சு பட்டால்
பூவுக்குச் சீக்கிரம் வயதாகிவிடும்.
(எங்கள் மணவாழ்வில் யார் ஆப்பிள் என்று
யோசித்ததுண்டு. விவாகரத்துக்குப் பின்
யோசிப்பதில்லை.)

இரவானால் ஜாடியை இரட்டைச் சன்னலின்
இரு கண்ணாடிகளுக்கும் நடுவே வைப்பேன்.
வெளிக்குளிர் பாதி, உள்வெப்பம் பாதி.

வெட்டின பிறகும் வளர்கிற பூ இது.
வெட்டியாயிற்று என்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை.
நாலாம் நாள் ஏழும் கழுத்தை நீட்டி
ஒரே பக்கம் சாய்ந்து நின்றன,
டிராம் வருகிறதா என்று எட்டிப்பார்க்கும்
கூட்டம் மாதிரி.

ஐந்தாம் நாள் ஒன்றின் கழுத்து ஒடிந்தது.
மீதி ஆறு.

ஆறு! என் சாப்பாட்டு மேசையில்.
மூடநம்பிக்கை.
நுண்ணோக்கியில் கண் வைத்துப் பிழைக்கிற எனக்கு
அது தெரியாதா?
ஆனாலும் சூப் தொண்டையில் இறங்கவில்லை.
நன்றாயிருந்த ஒன்றை உருவினேன்.
குப்பையில் போட மனம் வரவில்லை.

எதிர்வீட்டு ஸிக்மார்ஸ்,
ஞாயிறு காலையில் சுவரில் துளை போடுகிறவன்,
கதவைத் திறந்தான்.
"ஒன்றுதான்" என்றேன். "ஒற்றைப்படை."
சுத்தியலைப் பிடிப்பதுபோலப்
பூவைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து முற்றத்திலிருந்து அண்ணாந்தால்
அவன் சன்னலில் ஒரு பீர் பாட்டில்.
கழுத்துவரை தண்ணீர், அதற்குள் என் பூ,
ரேடியேட்டருக்கு நேர்மேலே!
பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஏறிக் கத்தியை எடுத்துக்கொண்டு
போய்த் தட்டினேன்.
கத்தியோடு நிற்கிற பெண்பிள்ளையை
உள்ளே விட்டான். அதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும்.

தண்ணீரைக் கொட்டினேன். அடியை வெட்டினேன்.
"தினமும் மாற்றணும்."
"தினமுமா?"
"தினமும்."
அப்போதுதான் பார்த்தேன்:
சன்னல் சட்டத்தில் பென்சிலால் மூன்று கோடுகள்,
ஒன்றன்மேல் ஒன்றாக.
பூ வளர வளர அளந்திருக்கிறான்.
முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே
ஒரு விரல்கடை.
நான் வெட்டியது சரியாக அதைத்தான்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பாட்டிலைப் பழைய இடத்தில் நிறுத்தி
முதல் கோட்டின்மேலேயே
இன்னொரு முறை கோடு போட்டான்.

ஒன்பதாம் நாள்
என் ஜாடியில் ஒன்று இதழ்களைக் கொட்டிவிட்டது.
நாலு.
எதை உருவுவது என்று நான் நிற்கையில்
கதவு தட்டுகிறது.
ஸிக்மார்ஸ், பாட்டிலோடு.
தபால்பெட்டியில் படித்த என் பெயரைச் சொல்லி,
"ஔஸ்மா, என் வீட்டில் வெளிச்சம் போதவில்லை" என்கிறான்.
அவன் சன்னல் தெற்குப் பார்த்தது.

ஐந்தாயிற்று.
மேசைவிரிப்பில் கறுப்பாக மகரந்தம்.
ஈரத்துணி பட்டால் அப்பிக்கொள்ளும்,
கிடக்கட்டும் என்று விட்டேன்.
தண்ணீரை மட்டும் மாற்றினேன்.

சூப் இருக்கிறதா என்று
அவன் கேட்கவில்லை.
இருந்தது.