மருந்துச் சீட்டின் பின்புறம்

அடுப்பின் சிறுசுடரையும் அணைத்தாயிற்று.
பூனையை மாடியில் விட்டுக் கதவைச் சாத்தியாயிற்று.
மேசையில் மூன்று டப்பாக்கள்.
விடிந்தால் டிசம்பர் இருபத்தாறு.
பென்சில்வேனியா மலைகளில் இனிச் சில வாரம்
சக்கிமுக்கிக் கல் உரசிப் பற்றும்
துப்பாக்கிகளின் முறை.

பகலில் மருந்துக்கடைக்காரி நான்.
அரை மாத்திரை, ஐந்து மில்லி, சாப்பிட்ட பின்.
இரவில் அளப்பதும் மருந்துதான்.

ஒரு டப்பாவில் கடுகு மொத்தம்.
மலிவு. பெரிய குழலுக்குச் சரி,
தோளை மெல்லத் தள்ளும்,
போகும்போது குழல் முழுக்கக் கரி பூசிவிட்டுப் போகும்.
அடுத்தது ரவை. சுவிட்சர்லாந்து சரக்கு.
என் ஐம்பது காலிபருக்கு இது தள்ளாது, உதைக்கும்.
பவுண்டுக்குக் கொடுத்த காசை
என் தங்கையிடம் சொல்லவில்லை.
மூன்றாவது கசகசா.
குழலுக்குள் விடக்கூடாது;
வெளியே காதோரக் கிண்ணியில்
ஒரு சிட்டிகை.

புதுவகைத் தூளும் கடையில் இருக்கிறது,
நாறாது, கறை படியாது என்கிறார்கள்.
கல்லின் பொறிக்கு அது மசியாது.
கெஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

காலாவதியான சீட்டுகள் இரண்டைத் திருப்பிப்போட்டு
பின்வாசல் பனியில் வைத்தேன்.
கடுகில் ஒரு சிட்டிகை. தீ.
உஸ்ஸென்று எழுந்து போன இடத்தில்
பழுப்பு வட்டம், பிசுபிசுவென நாலைந்து கருமணிகள்.
ரவையில் ஒரு சிட்டிகை. தீ.
எரிந்ததா என்று குனிந்து பார்த்தேன்.
சீட்டின் மறுபுறம்
டாக்டரின் கோழிக்கிறுக்கல் அப்படியே இருந்தது.
ரவை என்று முடிவாயிற்று.
அறுபத்தைந்து கிரெய்ன். எழுபது வேண்டாம்.

நேற்று கடைக்கு ஹார்லன் யிங்லிங் வந்திருந்தான்,
நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை வாங்க.
"எல்லாம் கரிதானே வெர்னா,
கரியில் என்ன ஜாதி பார்க்கிறாய்?"
நைட்ரோகிளிசரின் புட்டியை நீட்டினேன்.
"இதுவும் வெடிக்கிற சரக்குதான் ஹார்லன்.
ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுப் பாரேன்."
சிரித்தான். சில்லறையை எண்ணாமல் போனான்.
போட்டியில் மூன்று வருஷமாக
என்னை ஒரு புள்ளியில் தோற்கடிப்பவன்.

இருபத்தாறு. பனி இல்லை,
பனியும் மழையும் கலந்த ஏதோ ஒன்று.
பூட்டுக்குமேல் தோலுறை கட்டியிருந்தேன்.
ஹெம்லாக் மரங்களுக்கிடையில்
எழுபது கஜத்தில் பெட்டைமான் ஒன்று
தரையை முகர்ந்துகொண்டு வந்தது.
உறையை உருவினேன். குறி. விசை.

டிக்.

அவ்வளவுதான். பொறி விழுந்தது, பற்றவில்லை.
மான் தலை தூக்கியது.
கிண்ணிக்குள் கண்ணை மட்டும் இறக்கினேன்:
என் கசகசா, பொடியிலும் பொடி, வேகத்துக்கென்று
விலை கொடுத்துத் தேர்ந்த கசகசா,
ஈரத்தைக் குடித்துக்
கண்மையாகக் குழைந்து கிடந்தது.

கட்டைவிரலால் வழித்தேன்.
கொம்பிலிருந்து
குழலுக்கு வைத்திருந்த ரவையையே கிண்ணியில் தட்டினேன்.
யாரும் இதைச் சிறந்தது என்று சொல்வதில்லை.
ஒரு நொடி தாமதமாகப் பற்றும்,
அந்த நொடிக்குள் கை ஆடும்.
மான் இன்னும் நின்றது,
ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது.

கிண்ணி எரிந்தது.
எண்ணினால் 'ஒ' சொல்லும் நேரம்.
பிறகு தோளில் உதை.
பிறகு வெள்ளைச் சுவர்.

காற்றே இல்லை. புகை நகர மறுத்தது.
அவித்த முட்டை நாற்றம் நாக்கில் ஏறியது.
அந்தப் பக்கம் ஒரு மான்
விழுந்து கிடக்கலாம், ஓடியிருக்கலாம்,
அங்கேயே நின்று
என் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மேல்சரிவிலிருந்து ஹார்லனின் குரல்,
வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல:
"விழுந்ததா?"

"தெரியாது" என்றேன்.
"நீ முதலில் உட்கார்.
மாத்திரை கரையட்டும்."