மஞ்சள் காகிதம்

சோதனைக்குப் பெரிதாய் ஒன்றும் வேண்டாம்.
சாராயத்தில் ஊறிய மஞ்சளில் தோய்த்து
நிழலில் உலர்த்திய காகிதத் துண்டு,
கொஞ்சம் அமிலம்,
ஒரு மின்விசிறி.

சௌராஸ்தா சந்தைக்குப் பின்னால்
தவுக்கே கியாட் போடும் மீ
எரிந்து சாம்பலாகி, அமிலத்தில் கரைந்து
கிண்ணத்தின் அடியில் கிடந்தது.
முக்கினேன். காயவிட்டேன்.
நூருல் காப்பி ஓ வாங்கப் போயிருந்தாள்.

ஓரத்தில்தான் தொடங்கியது சிவப்பு.
ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்வதும் இதைத்தான்.
ஆனால் இங்கே சுண்ணாம்பு இல்லை.
அமிலத்திலும் மஞ்சள் சிவந்தால்
அதற்கு ஒரே பெயர்.
ஒரு சொட்டு அம்மோனியா விட்டேன்:
கரும்பச்சை.
போரிக்.

எனக்குப் புதிதல்ல அது.
சுங்கை பினாங் அடுக்குமாடியில், லிஃப்ட் பக்கத்தில்,
கேரம் பலகைமேல் பரந்தாமன் தூவுவான்.
சிவப்புக் காய் வழுக்கிப் பைக்குள் விழும்.
விரலைத் துடைக்காமலே
வடையை எடுத்திருக்கிறோம்.
கல்யாணமான பிறகு
சீனியில் பிசைந்து உருட்டி
அலமாரிக்கடியில் வைத்தேன், கரப்பானுக்கு.
டப்பாவில் பெயர் இருந்தது.
கரப்பான் மட்டும்தான் படிக்கவில்லை.

போன வாரம் மாதிரி எடுக்கப் போனபோது
தவுக்கே ஒளிக்கவில்லை, கெஞ்சவுமில்லை.
கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு
பசார் மலாயில் கேட்டார்:
"மத்தியானத்துக்குள்ள கொழகொழன்னு ஆனா
திட்டுறது யாரு?
கடிச்சா துள்ளணும்னு
கேட்டது யாரு?"

பதிவேட்டில் அதையெல்லாம் எழுத முடியாது.
மாதிரி எண். எடுத்த இடம். தேதி.
முடிவு: உள்ளது.
உணவில் தடைசெய்யப்பட்டது என்று
அச்சடித்தே இருக்கிறது;
கையெழுத்து மட்டும் என்னுடையது.

தின்றவர் யார் என்று ஒரு கட்டம் இல்லை.
இருந்தால் நிரப்பியிருப்பேன்:
பதினோரு வருஷம், புதன்தோறும்,
ஒன்றரை மணி,
அதே மீயில் நைனா புரட்டித் தரும் மீ கோரிங்.
"அண்ணே, கொழகொழன்னு வேணாம்,
துள்ளலா இருக்கணும்" என்று
கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று
ஒவ்வொரு முறையும் சொன்னவள்.

எவ்வளவு சேர்ந்திருக்கும்?
கணக்குப் போட எனக்குத் தெரியும்.
அதுதான் என் வேலை.
பென்சிலை எடுத்தேன்,
சீவினேன்,
திரும்ப வைத்துவிட்டேன்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நூருல் வந்தாள்.
ஒரு கையில் காப்பி,
இன்னொரு கையில் பொட்டலம், மேலே ரப்பர்வளையம்.
"புதன்தானே, கா. உனக்கும் சேர்த்து வாங்கினேன்."

கணவாய், மிளகாய், எலுமிச்சை வாசனை.
வாய் ஊறியது,
காகிதம் எதுவும் இல்லாமல்,
உடனே.